எழுபத்திரண்டு ஜர்னல்களும் ஒரு கடவுச்சொல்லும்

போன வாரம் இங்கே நான் எழுதிய, என் கல்யாணப் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோன கதையைப் படித்துவிட்டு, சித்தப்பா ஒருவர் போனில் பேசுவதை நிறுத்திவிட்டார். ஆகவே இந்த வாரம் சொந்தக்காரர்களுக்கு விடுமுறை. படித்தவர்கள் பக்கம் போவோம். அவர்கள் இதைப் படிக்க மாட்டார்கள் என்ற தைரியம் எனக்கு உண்டு. அவர்கள் எதைப் படித்தார்கள், எதைப் படிக்கவில்லை என்று ஒரு வருடம் உட்கார்ந்து வேவு பார்த்தவளே நான்தான்.

திண்டிவனத்தில் நான் நூலகராக இருந்த கல்லூரியில், முதல்வர் அறையில் ஒரு நீள மேஜை உண்டு. அன்று அதன் நடுவில் எவர்சில்வர் தட்டு நிறைய மெதுவடை. நூலகக் கமிட்டி கூடினால் வடை வரும். வடை வந்தால்தான் கமிட்டி கூடும் என்று சொல்பவர்களும் இருந்தார்கள். மேஜையைச் சுற்றி ஆறு துறைத் தலைவர்கள். நூலகத்தைப் பற்றிய கூட்டம் என்பதால் நூலகரான எனக்குக் கதவோரம் கடைசி நாற்காலி.

பேச்சு ஒன்றே ஒன்றுதான். கல்லூரி வாங்கும் எழுபத்திரண்டு ஆய்விதழ்களை, அதாவது ஜர்னல்களை, இனியும் அச்சிலேயே வாங்குவதா, இல்லை கம்ப்யூட்டரில் படிக்கிற மாதிரி மின்னிதழாக மாற்றிக்கொள்வதா?

இயற்பியல் துறைத் தலைவர் தாமோதரன் எழுந்தார். ஒலக்கூர்ப் பக்கத்துக்காரர். நல்ல உயரம், அதைவிடப் பெரிய குரல். முதல்வரே வராந்தாவில் அவர் எதிரே வந்தால் கொஞ்சம் ஒதுங்கித்தான் போவார்.

"ஜர்னல்னா கையில எடுத்துப் பொரட்டணும் சார். அந்தப் பேப்பர் வாசனை வேணும். பொட்டியப் பாத்துக்கினு உக்காந்திருந்தா அது படிப்பா? நான் இருக்கிற வரைக்கும் பிரின்ட்ட நிறுத்த வுடமாட்டேன்."

மற்ற ஐந்து பேரும் தலையை ஆட்டினார்கள். வாயில் வடை இருந்ததால் அது ஆமாமா, இல்லையா, வடை நன்றாக இருக்கிறதா என்று தெரியவில்லை.

நான் எழுந்து கதவைத் திறந்தேன். வெளியே எங்கள் நூலக அட்டெண்டர் மாணிக்கம் தோளில் ஒரு கோணிப்பையோடு நின்றிருந்தார்.

"கொட்டுங்கண்ணே" என்றேன்.

கொட்டினார். வடைத் தட்டு சறுக்கிக்கொண்டு தமிழ்த் துறை வரைக்கும் போய் நின்றது. மேஜை முழுக்க ஜர்னல்கள். ஒவ்வொன்றும் தபாலில் வந்த அதே பிளாஸ்டிக் கவருக்குள், ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

"என்னாம்மா இது ஜெசிந்தா?" என்றார் முதல்வர்.

"போன ஒரு வருஷமா நம்ம காலேஜ் படிச்ச ஜர்னலுங்க சார். கவரே பிரிக்காம படிச்சிருக்கோம்."

எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது இயற்பியல் ஜர்னல். மாதா மேல் ஆணையாக நான் அதை மேலே வைக்கவில்லை. மாணிக்கத்துக்காக நான் ஆணையிட முடியாது.

கப்பலில் வந்த அறிவு

இந்தத் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் கெடாரில் பிறந்தவள். வீட்டில் கேப்பையும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் விளைந்தன, புத்தகம் விளையவில்லை. நூலக அறிவியல் படித்தது ஆசைப்பட்டு அல்ல. கேட்ட படிப்பில் இடம் இல்லை, இதில் இடம் இருந்தது. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது பங்குச் சாமியார், "நூலகமா? நல்லது. சத்தம் போடாம இருக்கக் கத்துக்குவே" என்றார். அவர் ஆசீர்வாதம் பலிக்கவில்லை.

தொண்ணூற்று மூன்றோ நான்கோ, விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் நூலக உதவியாளராகச் சேர்ந்தேன். வெளிநாட்டு ஜர்னல்கள் அப்போது கப்பலில் வரும். ஜனவரி மாத இதழ், ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நேரத்தில் வந்து சேரும். கடல் ஈரத்தில் அட்டை அப்பளம் மாதிரி வளைந்திருக்கும். உலகத்தில் யாரோ எதையோ கண்டுபிடித்து, அதற்கு இன்னொருவர் மறுப்பும் சொல்லி முடித்த பிறகு, விழுப்புரத்தில் நாங்கள் அந்தக் கண்டுபிடிப்புக்கு ரப்பர் ஸ்டாம்பு வைத்துக்கொண்டிருப்போம்.

சில வருடம் கழித்துத் திண்டிவனத்துக்கு நூலகராக வந்தேன். தனியார் கல்லூரி, புதுக் கட்டடம். அங்கேதான் ஜர்னல்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற பரம ரகசியம் தெரிந்தது.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் எத்தனை ஜர்னல் என்று கேட்பார்கள். என்ன ஜர்னல் என்று கேட்க மாட்டார்கள். ஆகவே ஏஜென்ட் ஒருவர் நீளமான பட்டியலோடு வருவார். அலுவலகத்தில் விலை குறைந்ததாகப் பார்த்து டிக் அடிப்பார்கள். எங்கள் கல்லூரியில் விலங்கியல் துறையே கிடையாது. ஆனாலும் மீன்களுக்கு வரும் நோய்களைப் பற்றி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஜர்னல் தவறாமல் வந்தது. திண்டிவனத்தில் மீன் பார்ப்பதே மார்க்கெட்டில்தான். அங்கே வருகிற மீனுக்கு நோய் வந்து என்ன, போய் என்ன?

இன்ஸ்பெக்‌ஷன் அன்று எல்லாவற்றையும் கவர் பிரித்துச் சாய்வு ரேக்கில் வரிசையாக நிறுத்துவோம். பார்த்துவிட்டு, "வெரி குட்" என்பார்கள். அவர்கள் வண்டி கேட்டைத் தாண்டியதும் மறுபடி தூசி.

தூசி என் தலையில்தான். காணாமல்போன இதழுக்குக் கடிதம் எழுதுவது, வருடக் கடைசியில் பைண்டிங்குக்கு அனுப்புவது, அடுக்க இடமில்லாமல் மாடிப்படிக்குக் கீழே திணிப்பது, எல்லாம் நான். ஆகவே மின்னிதழ் என்று ஒன்று வந்திருக்கிறது, தூசியே கிடையாது என்று கேள்விப்பட்டதும் நான் மதம் மாறிவிட்டேன்.

சீட்டு வைத்துப் பிடித்தேன்

ஆனால் தாமோதரன் சாரை வெறும் வாயால் ஜெயிக்க முடியாது. சாட்சி வேண்டும். ஜர்னல்களை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி இல்லை. அதனால் யார் எதைப் படிக்கிறார்கள் என்பதற்குப் பதிவும் இல்லை. வாசலில் கையெழுத்து நோட்டு இருந்தது, ஆனால் பாதிப் பேர் ஃபேன் காற்றுக்காக வந்து கையெழுத்துப் போடுகிறவர்கள்.

கவர் பிரித்து வைப்பது என் வேலை. அந்த ஒரு வருடம் பிரிக்கவில்லை. "ஜர்னல் வேண்டுவோர் கேட்டால் பிரித்துத் தரப்படும்" என்று ஒரு போர்டு மட்டும் வைத்தேன். எழுபத்திரண்டில் ஒன்பதைத்தான் கேட்டார்கள்.

அந்த ஒன்பதையும் நான் விடவில்லை. ஒவ்வொன்றிலும் பக்கங்களுக்கு நடுவே ஒரு துண்டுச் சீட்டு வைத்தேன். சீட்டு நகர்ந்தால் யாரோ படித்திருக்கிறார்கள். திருடனைப் பிடிக்கக் கதவிடுக்கில் தலைமயிரை ஒட்டிவைக்கிற மாதிரி, படிக்கிறவரைப் பிடிக்க இந்த ஏற்பாடு.

ஒரு நாள் கணித ஜர்னலைத் திறந்தேன். என் சீட்டு திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பின்பக்கத்தில் பென்சிலால் பொடி எழுத்து.

"இங்கே சீட்டு வைக்கும் நபருக்கு: நான் நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறேன். நீங்கள் நாற்பதில் வைத்துக் குழப்புகிறீர்கள். நீங்கள் நிதானமாகப் படிப்பவர் என்றால் உங்களுக்கு வேறு நிறத்தில் சீட்டு வைத்துக்கொள்ளவும்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் மதியம் ஒளிந்து நின்று பார்த்தேன். சாப்பாட்டு மணி அடித்த பத்தாவது நிமிடத்தில் கறுப்பு பர்தாவில் ஒரு பெண் வேகமாக வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நீள நோட்டு ஒன்றைத் திறந்து, ஜர்னலைப் பார்த்துப் பார்த்து எழுதினாள்.

கணிதத் துறையில் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர், நஸ்ரீன். கோட்டக்குப்பத்திலிருந்து தினமும் பஸ். கணவர் குவைத்தில். ஒரு கைக்குழந்தை மாமியாரிடம். இங்கே சேர்வதற்கு முன்பே பகுதிநேரமாகப் பிஎச்.டி. பதிவு செய்திருந்தாள். அவளுடைய ஆராய்ச்சிக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த ஒரே ஜர்னலில்தான் வந்துகொண்டிருந்தது. வீட்டில் நேரம் இல்லை, வகுப்பிலும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் கிடைக்கிற அந்த முக்கால் மணிதான் அவளுடைய பல்கலைக்கழகம்.

"சீட்டு வச்சது நான்தாம்மா" என்றேன்.

"ஐயோ, மேடம் நீங்களா? யாரோ ரொம்ப மெதுவாப் படிக்கிறாங்கன்னு பாவப்பட்டேன்."

அவளிடம் என் புது மதத்தைப் பிரசங்கம் செய்தேன். இனி கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம், வெளிவந்த அன்றைக்கே படிக்கலாம், தேடினால் ஒரு நொடியில் வரும். அவள் கண் விரிந்தது. பிறகு பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள்.

"சந்தா நிறுத்திட்டா, அதுக்கு முன்னாடி வாங்கின வருஷமெல்லாம் இருக்குமா மேடம்?"

"பணம் குடுத்து வாங்கினது எங்கம்மா போவும்?" என்றேன்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நூலகர் என்றால் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு திமிர்.

வடை ஆறிப்போனது

இப்போது முதல்வர் அறைக்குத் திரும்பலாம். மேஜைமேல் பிரிக்காத அறுபத்து மூன்று ஜர்னல்கள், ஒவ்வொன்றிலும் ஓர் இதழ்.

தாமோதரன் சார் அந்த இயற்பியல் ஜர்னலை எடுத்தார். கவரைக் கிழித்தார். இரண்டு பக்கம் புரட்டினார். அறையே அவரைப் பார்த்தது. அதை வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மனிதர் நாற்காலிக்குள் சின்னதாகத் தெரிந்தார். நான் அதைப் பார்த்து ரசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஐந்து நிமிடத்தில் முடிவு. அச்சு ஜர்னல் மொத்தமும் நிறுத்தம், மின்னிதழ்த் தொகுப்பு ஒன்று வாங்குவது. ஒன்பது ஜர்னல்களைப் படிக்கிறார்களே என்று நானும் சொல்லவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் ஒன்பதை மறந்துவிட்டேன்.

முதல்வர் இன்னொன்றும் சொன்னார். "பழைய வால்யூமெல்லாம் எடைக்குப் போட்டுடும்மா. அந்த எடத்துல கம்ப்யூட்டர் போட்டுக்கலாம்." அதற்கும் கையெழுத்துப் போட்டேன். ஏஜென்ட் கொண்டுவந்த ஒப்பந்தத்திலும் போட்டேன். பதினேழு பக்கம். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடத்தை மட்டும் படித்தேன்.

மறுநாள் காலை தாமோதரன் சார் லேப் அட்டெண்டர்கள் இருவரோடும் ஒரு தள்ளுவண்டியோடும் வந்தார்.

"எடைக்குப் போடறத எங்கிட்ட குடுத்துடு. எங்க டார்க் ரூம்ல போட்டுக்கறேன்."

"என்னாத்துக்கு சார்? தலைகாணிக்கா?" என்றேன்.

மாணிக்கம் சிரித்தார். இரண்டு மாணவர்களும் சிரித்தார்கள். அவர் அலமாரியிலிருந்து ஒவ்வொரு வால்யூமாக எடுத்து வண்டியில் அடுக்கினார். நாலு நடை போனது.

வாடகை வீடு

மின்னிதழைப் பற்றி இப்போது குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். முதல் இரண்டு வருடம் சொர்க்கம். நஸ்ரீன் முன்பு ஆறு மாதத்தில் படித்ததை ஆறு வாரத்தில் படித்தாள்.

கடவுச்சொல் ஒன்று இருந்தது. கல்லூரிப் பெயரும் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்றும். கம்ப்யூட்டர் தலையிலேயே ஒட்டிவைத்திருந்தோம். பாண்டிச்சேரி வரைக்கும் தெரிந்திருக்கும். ஒருவரும் திருடவில்லை. கதவு திறந்தே கிடந்தும் திருடன் எட்டிப் பார்க்காத வீடு எங்களுடையது.

கஷ்டங்களும் இருந்தன. அவை மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடங்கள். சாப்பாட்டு நேரத்தில்தான் மின்சாரத்துக்கும் பசிக்கும். யு.பி.எஸ். பத்து நிமிடம் தாங்கும், அதுவும் கீக்கீக்கென்று கத்திக்கொண்டே. நஸ்ரீன் அந்தச் சத்தத்தோடு போட்டி போட்டுக்கொண்டு நோட்டில் எழுதுவாள். "மேடம், இந்தக் குருவி கத்தி முடிக்கிறதுக்குள்ள ஒரு தியரம் எழுதிடுவேன்" என்பாள். பக்கங்களை அச்செடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆளுக்குப் பத்துப் பக்கத்துக்கு மேல் கூடாது என்று அலுவலகத்தில் உத்தரவு. கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ள அந்தத் தொகுப்பு விடாது.

மூன்றாவது வருடத் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை. நஸ்ரீன் என் மேஜைக்கு வந்தாள்.

"மேடம், பாஸ்வேர்டு மாத்திட்டீங்களா? உள்ள வுட மாட்டுது."

நானே போய் அடித்துப் பார்த்தேன். இந்தக் கணக்குக்கு அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னது. விசாரித்தால், புது ஆடிட்டோரியம் கட்டுகிற மும்முரத்தில் நிர்வாகம் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. எனக்குச் சொல்லவும் இல்லை. ஏஜென்டுக்குப் போன் போட்டேன்.

"ரினியூ பண்ணலல்ல மேடம், கட்டாயிடிச்சி."

"இந்த வருஷம் கட்டாவட்டும். போன ரெண்டு வருஷத்துது?"

"அதுவுந்தான் மேடம். இது வாடகை வூடு மாதிரி. காலி பண்ணா சாவிய வாங்கிக்குவாங்க. பதினோராம் பக்கத்துல தெளிவாப் போட்டிருக்கே, படிக்கலயா நீங்க?"

ஊரெல்லாம் படிக்கவில்லை என்று கோணிப்பையைக் கவிழ்த்தவளைப் பார்த்து, படிக்கலையா என்று கேட்டான் ஏஜென்ட். போனை வைத்துவிட்டேன்.

நஸ்ரீனுக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க நாலு மாதம்தான் இருந்தது. ஒருமுறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இனி கிடையாது. அவள் எழுதிய முக்கியமான நிரூபணம் மற்றவர்கள் எழுதிய ஐந்து கட்டுரைகளின்மேல் நின்றது. அதில் ஏதோ ஓர் இடம் இடிக்கிறது, அந்த ஐந்தின் மூலப் பக்கங்களையும் கொண்டுவந்து காட்டு என்று அவளுடைய நெறியாளர் சொல்லியிருந்தார். அவளிடம் இருந்தவை குறிப்புகள்தான், முழுக் கட்டுரைகள் இல்லை. காட்டவில்லை என்றால் பதிவு ரத்து. ஆறு வருடம் காற்றோடு போகும்.

அவள் சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. திறக்காத திரைக்கு முன்னால் உட்கார்ந்து, என்னைத் திரும்பிப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள்.

"நான் அப்பவே கேட்டேன் இல்ல மேடம்?"

திட்டியிருந்தால் தேவலை.

இருட்டறை

ஐந்தில் மூன்று கட்டுரைகள் அச்சு இருந்த காலத்தவை. அப்படியென்றால் அவை எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு நாள் போகவில்லை. சிறுவயதில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றால், பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டு வழிவிட்டுக் கடைசி ஆளாகப் போவேன். அதே கால்கள்.

மூன்றாம் நாள் இயற்பியல் துறைக்குப் போனேன். மின்சாரம் இல்லை. தாமோதரன் சார் தம் அறை வாசலில் பேப்பர் விசிறியோடு உட்கார்ந்து, வேகவைத்த மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் பழைய மேத்ஸ் வால்யூம் கொஞ்சம் வேணும்."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு மல்லாட்டையை வாயில் போட்டு, மென்று, விழுங்கினார்.

"என்னாத்துக்கு? தலைகாணிக்கா?"

இரண்டு வருடம் வைத்திருந்து கொடுத்தார். நான் தலைகுனிந்து வாங்கிக்கொண்டேன். நஸ்ரீன் விஷயத்தைச் சொன்னேன். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். பாதியிலேயே அவர் எழுந்து சாவியை எடுத்தார்.

டார்க் ரூமுக்குள் டார்ச் அடித்தபோது நான் அசந்துபோனேன். கால் உடைந்த லேப் மேஜைகளைக் கவிழ்த்து அலமாரியாக்கி, துறைவாரியாக, வருடவாரியாக அடுக்கியிருந்தார். ஒவ்வொரு தட்டிலும் அவர் கையெழுத்தில் லேபிள். என் நூலகம்கூட அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

"மன்னிச்சிக்கங்க சார்" என்றேன். "அன்னிக்கு அத்தினி பேர் முன்னாடி அப்படிக் கொட்டியிருக்கக் கூடாது. படிக்கிறவங்களுக்காக நீங்க இதையெல்லாம் காப்பாத்தி வெச்சிருக்கீங்க..."

"அட, சும்மா இரும்மா. பெரிய மகான் ஆக்காத என்னை." டார்ச்சை ஒரு தடித்த வால்யூம்மேல் அடித்தார். "இதுல எம் பேப்பர் ஒண்ணு கீது. முப்பது வயசுல எழுதினது. மொத்தத்துக்கும் அது ஒண்ணுதான். எடைக்குப் போடறாங்கன்னதும் அத எடுத்துடணும்னு தோணிச்சி. அத மட்டும் எடுக்க வந்தா நீ பாத்துச் சிரிப்ப. அதான் அத்தினியும் அள்ளிக்கினு வந்தேன்."

அவரே அந்த வால்யூமை எடுத்துப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை, அந்தப் பக்கத்தில் அது தானாகத் திறந்தது. மூன்று ஆசிரியர் பெயர்களில் இரண்டாவதாக அவர் பெயர்.

"அதுக்கப்புறம் படிக்கல. நெசந்தான். கிளாஸு, வேல்யூஷன், கமிட்டின்னு போயிடிச்சி. ஆனா படிக்கலன்றது எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்திச்சி. நீ ஊருக்கே தெரிய வெச்சிட்ட."

கணித வால்யூம்களை என் கையில் அடுக்கினார். மூன்று கட்டுரைகளும் இருந்தன. அன்று மாலையே நகலெடுத்து, நஸ்ரீன் பஸ் ஏறுவதற்குள் கொடுத்தேன்.

மீதி இரண்டு, மின்னிதழ்க் காலத்தவை. யோசித்து யோசித்து, எழுதியவர்களையே கேட்டுவிடலாம் என்று இருவரும் உட்கார்ந்து மின்னஞ்சல் தயாரித்தோம். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருந்த பேராசிரியர் மறுநாளே கட்டுரையை அனுப்பிவிட்டார். கூடவே, தன் கட்டுரையை யாரோ படிக்கிறார்கள் என்பதில் மிகவும் மகிழ்ச்சி என்று ஒரு வரி. அவர்கள் ஊரிலும் கவர் பிரிப்பதில்லை போலிருக்கிறது.

இன்னொருவரிடமிருந்து பதிலே இல்லை. நஸ்ரீன் பதினாறு நாள் பார்த்தாள். பதினேழாம் நாள் மதியம் நூலகத்துக்கு வந்து, "மேடம், இனிமே அந்தாளு அனுப்ப வேணாம். நானே போட்டுட்டேன், வேற வழியில" என்றாள்.

"எத வேற வழியில?"

"அந்த நிரூபணத்ததான். அவரு நாலு பக்கம் போட்டிருந்தாரு. எனக்கு ஒண்ணரப் பக்கத்துல வந்திச்சி. இடிச்ச எடமும் அங்கதான் இருந்திச்சி."

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் பாராட்டியது அந்த ஒன்றரைப் பக்கத்தைத்தான். சேதி தெரிந்து நான் முதல்வரிடம் ஓடப் பார்த்தேன். நஸ்ரீன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜர்னல் கிடைக்காததாலதான் நல்லா வந்திச்சின்னு மட்டும் சொல்லிடாதீங்க மேடம். அப்புறம் நியூஸ் பேப்பரக்கூட நிறுத்திடுவாரு."

நாற்காலி மாறியது

அதன் பிறகு நான் திருந்தினேன் என்று சொல்லலாம். மின்னிதழ்த் தொகுப்பை மறுபடி வாங்கியபோது ஒப்பந்தத்தின் பதினேழு பக்கத்தையும் படித்தேன். நிறுத்தினாலும் வாங்கின வருடங்கள் திறக்கும் என்று எழுதிக் கொடுத்தவர்களிடம் மட்டும் வாங்கினோம். ஏஜென்ட் என்னைப் பார்த்தாலே, "மேடம் பேஜாரு புடிச்சவங்க" என்று மாணிக்கத்திடம் சொல்ல ஆரம்பித்தான். அந்த ஒன்பது ஜர்னல்களையும் அச்சில் திரும்ப வரவழைத்தேன். அதில் கணித ஜர்னலை முதல் வரிசையில், ஜன்னலோரம் வைத்தேன்.

மூன்று வருடம் போயிருக்கும். தாமோதரன் சார் ஓய்வுபெற்று ஒலக்கூரில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விட்டுப்போன இடத்துக்கு நூலகக் கமிட்டியில் டாக்டர் நஸ்ரீன் வந்தாள். எனக்கும் பதவி உயர்வு, கதவோரத்திலிருந்து மேஜைக்கு. அவள் என்னை மேடம் என்பதை விட்டு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

அந்த வருடப் பட்டியலை வரிசையாக வாசித்தேன். கணித ஜர்னல் வந்ததும் நஸ்ரீன் கையைத் தூக்கினாள்.

"இத நிறுத்திடலாம்க்கா."

நான் தவறாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். "எது?"

"மேத்ஸ். பிரின்ட். யாரு படிக்கிறாங்க?"

"நீ படிக்கிறியே!"

"நான் இப்ப நெட்டுலதான் படிக்கிறேன். வருஷக்கணக்கா ஆச்சி. எங்க டிபார்ட்மெண்ட்ல ஒவ்வொருத்தரா கேட்டுட்டேன், ஒருத்தரும் தொடறதில்ல."

மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகம் சூடானது. "உனக்காகத்தாம்மா வாங்கறேன்" என்றேன், கமிட்டியில் சொல்லக்கூடாத வார்த்தையை.

"தெரியும்க்கா." குரலை இறக்கினாள். "அதான் சொல்றேன். எனக்காக வாங்கினா அது ஜர்னல் இல்ல, மொய். பாட்டனியில ரெண்டு பொண்ணுங்க கேப்பைக்கு வர்ற நோயில வேலை பண்ணிக்கினு இருக்காங்க. அவங்க கேக்கறது பிரின்ட்டுலயே வர்றதில்ல, நெட்டுல மட்டுந்தான். அத வாங்குங்க."

நியாயம். ஒரு சொல் மறுக்க முடியாத நியாயம். வருடக்கணக்காக நான் மேடை போட்டுச் சொன்னதையெல்லாம் அவள் நாலு வரியில் சொல்லிவிட்டாள்.

சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன். பேனாவை அந்த வரிமேல் வைத்துவிட்டு, இழுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

"ஜல்தி அடிங்கக்கா" என்றாள் நஸ்ரீன். "அஞ்சு மணி பஸ்ஸு போயிடும்."

அடித்தேன்.